எபிசோட் 41: மாமா வீட்டுத் தடுப்புச் சுவர்

இன்னைக்கு கோடிங் பேச்சு கிடையாது, மண்ணைப் பத்திப் பேசப் போறோம். நான் சாஃப்ட்வேர்ல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். படிச்சது சிவில்னு சில பேருக்குத்தான் தெரியும். நாலு வருஷம் படிச்சுட்டு, கேம்பஸ் இன்டர்வியூல ஐடி கம்பெனி கூப்பிட்டதும் ஓடின கூட்டத்துல நானும் ஒருத்தன். விட்டு ஓடி வந்த அந்தப் படிப்பு என்னைத் தேடி வந்த கதை இது.

என் தாய்மாமா வீடு கோத்தகிரி பக்கம், சரிவுல இருக்கு. கார் நிறுத்த வாசலை அகலமாக்கணும்னு, சரிவுல மண்ணைக் கொட்டி நிரப்பி, கீழ்ப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர் கட்டினார். பத்தடி உயரம், நாற்பதடி நீளம். கருங்கல்லும் சிமென்ட் கலவையும். சுவருக்குக் கீழே கொஞ்சம் தள்ளி இன்னொரு வீடு. அதுல ஒரு பாட்டியும் ரெண்டு பேரன்களும் இருக்காங்க.

கட்டி முடிச்ச அன்னைக்கு மாமா வாட்ஸ்அப்ல ஆறு போட்டோ அனுப்பினார். "மாப்ள, நீ சிவில் படிச்சவன்தானே, பாத்துச் சொல்லு." நான் மீட்டிங்ல இருந்தேன். ஒரு தம்ஸ் அப் போட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணின சைட் இன்ஸ்பெக்‌ஷன்.

அடுத்த ஐப்பசி மழையில போன் வந்துச்சு. "மாப்ள, சுவரு வயித்தைத் தள்ளிட்டு நிக்குது. மேஸ்திரி, விரிசலைப் பூசிவிட்டா போதும்ங்கறார்." அப்போதான் பழைய போட்டோவைத் திறந்து பெருசு பண்ணிப் பார்த்தேன். நாற்பதடி சுவர்ல ஒரு ஓட்டை கூட இல்ல.

ஓட்டைன்னா வீப் ஹோல். தடுப்புச் சுவர்ல சின்னச் சின்னக் குழாய் வரிசையா நீட்டிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. பின்னாடி சேர்ற தண்ணி வெளிய வர்ற வழி அது. இது எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். மூணு மீட்டர் உயரச் சுவர். பின்னாடி இருக்கிற மண்ணுல தண்ணி தேங்கலைன்னா, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2.7 டன் விசை சுவரைத் தள்ளும். அதே மண்ணுல தண்ணி மேல் வரைக்கும் நின்னுச்சுன்னா, அந்த விசை சுமார் 6 டன் ஆயிடும். மண்ணைப் பொறுத்து நம்பர் கொஞ்சம் மாறும், ஆனா இரட்டிப்புக்கு மேல போகும்ங்கறது மாறாது. அந்த 6 டன்ல 4.4 டன் வெறும் தண்ணியோட அழுத்தம். மாமா கட்டினது மண்ணுக்கான சுவர். மழை அதை அணையா மாத்திடுச்சு. அணைக்கான டிசைனே வேற.

இன்னொண்ணும் நடக்குது. மண் துகள் ஒண்ணையொண்ணு அழுத்திப் பிடிச்சிருக்கறதாலதான் சரிவு நிக்குது. இடையில தண்ணி அழுத்தம் ஏறினா அந்தப் பிடி தளரும். இதை முதல்ல கணக்கா எழுதினவர் கார்ல் டெர்சாகி. அவரோட மண் இயக்கவியல் புத்தகம் 1925-ல வந்துச்சு. நான் அதைப் பரீட்சைக்குப் படிச்சேன், பாஸ் பண்ணினேன், மறந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரியே கோயம்புத்தூர்ல இருந்து கிளம்பினேன். மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போது நடூர் ஞாபகம் வந்துச்சு. 2019 டிசம்பர் 2, விடியற்காலை, கனமழையில ஒரு உயரமான கல் சுவர் பக்கத்து வீடுகள் மேல விழுந்து, தூங்கிட்டு இருந்த 17 பேர் இறந்துபோன இடம். அதைத் தீண்டாமைச் சுவர்னு சொல்லிப் போராட்டம் நடந்துச்சு. அது தனியா ஒரு எபிசோட் பேச வேண்டிய விஷயம், போற போக்குல சொல்லிட்டுப் போக முடியாது. ஆனா அந்த 17-ங்கற நம்பர், மலை ஏறி முடிக்கிற வரைக்கும் என்கூடவே வந்துச்சு.

என்கூடப் படிச்ச தோழி ஒருத்தி சிவில்லயே இருக்கா, ஜியோடெக்னிக்கல் இன்ஜினியர். காலையில அவளும் பஸ் பிடிச்சு வந்துட்டா. சுவரை ரெண்டு நிமிஷம்தான் பார்த்தா. அப்புறம் வீட்டைச் சுத்தி நடந்தா. கூரைத் தண்ணி இறங்கற குழாய் எங்க முடியுதுன்னு பார்த்தா. சுவருக்குப் பின்னாடி, நேரா அந்தக் கொட்டின மண்ணுலதான் முடிஞ்சிருந்துச்சு. ஆயிரம் சதுர அடி கூரையில 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல தண்ணி. அத்தனையும் நாமளே குழாய் போட்டுச் சுவருக்குப் பின்னாடி ஊத்திட்டு இருந்திருக்கோம். பாத்ரூம் தண்ணிக்கான உறிஞ்சு குழியும் அங்கயேதான்.

அவ சொன்ன முதல் வேலை, கீழ் வீட்டுக்காரங்க இன்னைக்கே வெளிய போகணும். மாமாவுக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு. "அவங்க வீட்டை விட்டுப் போங்கன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?" நான் போனேன். பாட்டி கதவைத் திறந்தாங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு, "சுவரு எழும்பறப்பவே கேட்டேன் தம்பி, மழைத்தண்ணி எங்க போகும்னு. யாரும் பதில் சொல்லல" அப்படின்னாங்க. என்கிட்டயும் பதில் இல்ல. ரெண்டு மாசம் அவங்க மகள் வீட்ல இருந்தாங்க. செலவு மாமாவோடது.

காரை எடுத்தோம். கூரைக் குழாயைத் திருப்பி ரோட்டோர வடிகாலுக்குக் கொண்டுபோனோம். மேல தார்ப்பாய் போட்டோம். மழை விட்ட நாள்ல ஆள் வெச்சு, மேல இருந்து மண்ணைக் கையாலயே வெட்டி எடுத்தோம். பொக்லைன் கூப்பிடலாம்னு மாமா கேட்டார். நீலகிரியில அதுக்குக் கலெக்டர் அனுமதி வேணும். அனுமதி இருந்தாலும் அந்த எடையைச் சுவரு தலையில ஏத்தினா கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். விரிசலைப் பூசற பேச்சையே விட்டுட்டோம். பூசினா விரிசல் பெருசாகுதான்னு பார்க்கக்கூட முடியாம போயிடும்.

பங்குனியில பழைய சுவரை மேல இருந்து வரிசை வரிசையாப் பிரிச்சு, புதுசு கட்டினோம். அடி அகலம் ஆறு அடி, மேல போகப் போகக் குறையும். பின்னாடி ஒரு அடி அகலத்துக்குச் சுத்தமான ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல ஜியோடெக்ஸ்டைல் துணி. இந்தத் துணியைத்தான் பல பேர் செலவுன்னு விட்டுடறாங்க. விட்டா செம்மண் களி ஜல்லிக்குள்ள புகுந்து அடைச்சுக்கும், ஓட்டை இருந்தும் பிரயோஜனம் இருக்காது. அடியில துளை போட்ட குழாய் ஒண்ணு, பக்கவாட்டுல வெளிய போற மாதிரி. சுவர்ல மூணு இஞ்ச் பிவிசி குழாய், ஒண்ணரை மீட்டருக்கு ஒண்ணு, வெளிப்பக்கம் லேசாச் சரிவா. மலைப்பகுதி தடுப்புச் சுவருக்குன்னே ஐஎஸ் 14458 அப்படின்னு ஒரு இந்தியத் தரநிலை இருக்கு. வீடு கட்டறவங்க மேஸ்திரிகிட்ட அந்த நம்பரைச் சொல்லிப் பாருங்க. வீடானாலும் ரிசார்ட்டானாலும் லேஅவுட்டானாலும் மலையில இதுல மாற்றம் கிடையாது. வெட்டற உயரம் ஏற ஏற, வாட்ஸ்அப் மருமகனை விட்டுட்டு மண் பரிசோதனை பண்ற இன்ஜினியரைக் கூப்பிடணும்.

சுவருக்குப் பக்கத்துல மொட்டையாக் கிடந்த சரிவுக்கு கயிற்று வலை விரிச்சு, புல் விதைச்சோம். தேங்காய் நார் வலை ரெண்டு மூணு வருஷத்துல மக்கிடும். அதுக்குள்ள புல் வேர் பிடிச்சுக்கும். வெட்டிவேர் நடலாமேன்னு கேப்பீங்க. உலகம் பூரா 'வெட்டிவர்'னு நம்ம பேர்லயே கூப்பிடற புல்லு அது. வேர் மூணு மீட்டர் வரைக்கும் நேராக் கீழே இறங்கும். ஆனா அதுக்கு வெயில் வேணும், நிழல் ஆகாது, கோத்தகிரிக் குளிர்ல மெதுவாத்தான் வரும். அதனால வெயில் விழற மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு வரிசை, சரிவுக்குக் குறுக்கே வெச்சிருக்கோம். மேல்மண் அரிக்கறதை இதெல்லாம் நல்லாத் தடுக்கும். சரிவே ஆழத்துல இருந்து நகர ஆரம்பிச்சா எந்தப் புல்லும் நிறுத்தாது. நர்சரிக்காரர் என்ன சொன்னாலும் சரி.

உங்க வீட்டுல தடுப்புச் சுவர் இருந்தா, மழை பெய்யறப்போ போய்ப் பாருங்க, தள்ளி நின்னு. மழை கொட்டியும் குழாய்ல ஒரு சொட்டு வரலைன்னா சந்தேகப்படணும். திடீர்னு கலங்கலா மண்ணோட வந்தாலும்தான். மேல் தரையில சுவருக்கு இணையா நீளமா விரிசல் ஓடினா, கீழே இருக்கறவங்களை முதல்ல வெளிய கூப்பிடுங்க. காரணத்தை அப்புறம் தேடிக்கலாம்.

பாட்டி மார்கழியிலயே திரும்பி வந்துட்டாங்க. முன்னாடி தள்ற மண்ணு எதுவும் மிச்சமில்லைன்னு தோழி சரின்னு சொன்ன பிறகுதான். சுவரைப் பிரிச்ச வாரம் மறுபடி மகள் வீடு. இப்போ புதுச் சுவரோட குழாய்களை எங்களைவிட அவங்கதான் நல்லாக் கவனிக்கறாங்க. போன மாசம் மாமாவுக்குப் போன் பண்ணியிருக்காங்க. "கீழ் வரிசையில மூணாவது குழாய்ல தண்ணி வரல, என்னன்னு பாரு." மாமா போய்ப் பார்த்தா, உள்ளே ஏதோ கூடு மாதிரி இலை சேர்ந்து கிடந்திருக்கு. கம்பியால எடுத்துவிட்டு, தண்ணி ஓடற வீடியோவை எனக்கும் அனுப்பினார். முழுசாப் பார்த்துட்டுத்தான் பதில் போட்டேன்.