அம்மா பெயர் எங்கே?

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் பெண்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிற அக்காமார்களே, தங்கச்சிமார்களே! பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற அண்ணன்மார்களே, தம்பிமார்களே!

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்களில் யாரிடமாவது அப்பாவின் அப்பாவுக்கும், அவருடைய அப்பாவுக்கும் பிறப்புப் பதிவு இருக்கிறதா? இருப்பவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கையையும் காணோம். தெரிந்துதான் கேட்டேன்.

1948-இல் இந்த நாட்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் இதைத்தான் கேட்டது. உன் அப்பா இங்கே பிறந்தாரா? இல்லையென்றால், அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தார்களா? காட்டு என்றது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பல இலட்சம் பேர்!

அந்தச் சட்டத்தில் அம்மா எங்கே? முறைப்படி கலியாணம் கட்டிப் பெற்ற பிள்ளைக்கு அவளைத் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டாள். இதே மலையில் பிறந்து, இதே லயத்துக் காம்பிராவில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் போட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போனவள் சட்டத்தின் கண்ணுக்கு ஆளே இல்லை. அடுத்த வருசம், பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னொரு சட்டம் வந்தது. கலியாணம் கட்டியவர் 7 வருசம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும், கட்டாதவர் 10 வருசம் என்றது. தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வரும் என்று எழுத 2003 ஆகிவிட்டது. 55 வருசம்! ஒரு பேத்தி பிறந்து பாட்டியாகிற காலம்.

ஆனால் கூலி போடுகிற இடத்தில் மட்டும் நம்மை மறக்கவில்லை. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுக்கு விதித்த நாட்கூலியைக் கேளுங்கள். ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். மழை ஒரே மழை, அட்டை ஒரே அட்டை, கூலி மட்டும் மூன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று ஆனது 1984-இல்தான். அதற்குப் பிறகும் சம்பள நாளில் மனைவியின் காசைப் புருசன் கைநீட்டி வாங்கிக்கொண்டு போனதை நாம் பார்த்திருக்கிறோம். துரை வெளியூர்க்காரன். இவன் நம் வீட்டுக்காரன். அண்ணன்மார்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தால், வந்தது வந்ததுதான்.

1964 அக்டோபர் 30. இங்கே பிரதமராக இருந்த சிறிமா, இந்தியப் பிரதமர் சாஸ்திரி இருவரும் உட்கார்ந்து 9,75,000 உயிர்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பத்து வருசம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். யாரையும் கேட்கவில்லை. வளர்ந்த மகன் ஒரு கரையில், கட்டிக்கொடுத்த மகள் மறு கரையில். கோச்சியில் தலைமன்னார் போய், கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய்ப் பாருங்கள். இங்கே இருந்தபோது 'இந்தியாக்காரன்' என்று துரத்தப்பட்டவர்களின் வாரிசுக்கு அங்கே 'சிலோன்காரன்' என்று பெயர். மூன்றாம் தலைமுறை ஆகியும் அந்தப் பெயர் உதிரவில்லை.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். புதிய கதைக்கு வருகிறேன்.

மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை மறந்திருக்கமாட்டீர்கள். 17 வயதில், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள். 2013 ஜனவரி 9-ஆம் திகதி அங்கே அவள் தலையை வெட்டினார்கள். அதே வருசம் நம் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது. 2022-இல் அந்த ஐந்தை இரண்டாகக் குறைத்தார்கள். அப்பன் போகலாமா? தாராளமாகப் போகலாம். கைக்குழந்தை இருந்தாலும் அவனிடம் அறிக்கை கேட்க ஆளில்லை.

கவனியுங்கள்! பிள்ளைக்கு நாடு கொடுக்க வேண்டிய நேரத்தில் 'அப்பன் யார்?' என்று கேட்டது அரசு. பிள்ளையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் 'ஆத்தாள் எங்கே?' என்று கேட்கிறது. உரிமை ஆண் வழி, பழி பெண் வழி. இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு?

பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாயும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராட வேண்டியிருந்த தோட்டத்திலிருந்து போகிறாள். இன்று ஒரு காம்பிராவை எட்டிப் பாருங்கள். பாட்டி கொழுந்து எடுக்கிறாள். மகள் குவைத்தில். பேத்தி கட்டுநாயக்காவில் தையல் மெஷினில். பேரன் கொழும்பில் கடையில் நிற்கிறான். எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு 'ஹட்டன் பக்கம்' என்கிறான். அவனைத் திட்டாதீர்கள். 'தோட்டக்காட்டான்' என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து பிடுங்கியவர்களைத் திட்டுங்கள்.

2023-இல் நாம் வந்து இருநூறு வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நல்ல காரியம். ஆனால் நடந்து முடிந்து வீட்டுக்கு வந்தால் என்ன? சங்கத்துக்குச் சந்தா கட்டுவது பெண்கள், கம்பெனியோடு பேசப் போவது ஆண்கள். இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி தூக்கியது பெண்கள். மேடையில் எத்தனை பெண்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தாரே, சங்கத் தலைவர்களே, நாங்கள் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. காணியும் வீடும் தருகிறோம் என்கிறீர்களா? உறுதியில் மனைவி பெயரையும் எழுதுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகிறீர்களா? மேசையில் பாதி நாற்காலி எங்களுக்கு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறீர்களா? தாயைக் கேட்கும் கேள்வியைத் தகப்பனிடமும் கேளுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. உங்கள் அம்மாவின் அம்மா எந்தத் தோட்டத்தில், எந்த மலையில் கொழுந்து எடுத்தாள் என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்.

அடேயப்பா! பின்வரிசைத் தம்பிமார் கைகூட மேலே வந்துவிட்டதே!

அந்தக் கையை இறக்காதீர்கள். நாளைக்கு ஒருவர் காகிதத்தோடு வருவார். 'அப்பா பெயர்?' என்று கேட்பார். சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பேனாவை வாங்குவதற்கு முன் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: 'அம்மா பெயர் எங்கே?'