இத்தா முடியும்வரை கெடு காத்திருக்காது

(எம்.ரெட்டியபட்டியில் ஆற்றிய உரை)



உங்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். ஒன்று சொல்கிறேன், கூட்டிப் பாருங்கள். கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதம் பத்து நாள். பஞ்சாயத்து மீது நஷ்டஈட்டு வழக்குப் போடுமுன் நோட்டீஸ் கொடுத்துப் பொறுக்க வேண்டியது இரண்டு மாதம். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது அல்லவா? ஆறு மாதத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும் என்பதுதான் பஞ்சாயத்துச் சட்டம் வைத்த கெடு! "இத்தா முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று மரியாதைக்காக நாம் சொல்லும் ஒரே வார்த்தையில் அந்தப் பெண்ணின் ஹக் போய்விடக்கூடும்.

நம் பக்கம் கரிசல் பூமி. மழையில் பொங்கும், வெயிலில் வெடிக்கும், ரோடு நிற்காது. பாலத்துக்குத் தோண்டிய குழிக்கு ஒரு தடுப்பு இல்லை, விளக்கு இல்லை. அருப்புக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போனவர் இரவில் அதில் விழுந்து மவுத்தாகிறார் என்று வையுங்கள். ஜனாஸாவை அடக்கிவிட்டு என்ன சொல்கிறோம்? "அவர் நஸீபு அவ்வளவுதான்." நஸீபை நம்புவது ஈமான். குழியை மூடாதவனுக்கு அதைக் கேடயமாகக் கொடுக்கச் சொன்னது யார்? பொதுவழியில் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவர் தரப்பு தியத் கொடுக்க வேண்டும் என்று மதரஸாவில் ஓதும் ஹிதாயாவிலேயே இருக்கிறது. அதை மன்னிப்பது வாரிசின் உரிமை. டீக்கடையில் உட்கார்ந்து ஐயாயிரத்துக்குப் பேசி முடிக்கும் பெரிய மனிதர்களின் உரிமையல்ல!

"சர்க்காரை எதிர்த்து யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்பீர்கள். டெல்லி சாந்தினி சவுக் கடைவீதியில், டவுன் ஹாலுக்கு எதிரே, நகராட்சியின் மணிக்கூண்டு சரிந்து ஆட்கள் இறந்தார்கள். உள்ளே இருந்த பழுது வெளியே தெரியவில்லை என்றது நகராட்சி. 1966-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டடத்துக்கு வயது 80. அந்தச் சாந்துக்கு ஆயுள் 40, 45 வருஷம்தான். நிபுணரை வைத்துச் சோதிக்காமல் மேலோட்டமாகப் பார்த்தது போதாது, நகராட்சியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். ராஜ்கோட்டில் 1975-ல் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்தார். கீழே இரண்டு கோர்ட்டிலும் ஜெயித்த விதவை, 1997-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். மரம் விழும் என்று மாநகராட்சி முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்றார்கள். ஆகவே இளைஞர்களே, ஆபத்தைக் கண்டால் விபத்துக்கு முன்பே மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக ஏற்றுங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்ற வாயை அந்தக் காகிதம் அடைக்கும்.

விபத்து நடந்துவிட்டால் குழியை மறுநாளே மூடிவிடுவார்கள், அதில் மட்டும் ரொம்பச் சுறுசுறுப்பு! அதற்குள் படம் எடுத்து அளவும் எடுங்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் வாங்குங்கள். ரோடு யாருடையது என்று பாருங்கள். ஊராட்சியா, ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா? ஆள் மாறி நோட்டீஸ் போனால் மாதங்கள் வீண். துறை ரோடு என்றால் அரசுக்கான நோட்டீஸைக் கலெக்டரிடம் கொடுக்கலாம். தலைவர் பதவியில் இல்லை என்று கைவிரித்தால் நம்பாதீர்கள். 2025 ஜனவரியில் நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆள் மாறினாலும் ஊராட்சி என்ற அமைப்பின் பொறுப்பு மாறாது.

இன்னொன்று. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி நஷ்டஈடு மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகளுக்குத்தான். உடன்பிறந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. கையெழுத்தை நான் போடுகிறேன் என்று அண்ணன் தம்பி முந்த வேண்டாம்.

இத்தாவில் இருப்பவர் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. வக்கீல் வீட்டுக்கு வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கலாம். நோட்டீஸ் அந்த வாரமே போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இங்கே பத்துப் பேர் இருக்கிறீர்கள். பேரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.