புகையில் கிடைத்த சரக்கு

தூத்துக்குடிக்கு முத்து பழம்பெருமை, உப்பு அன்றாடப் பிழைப்பு. அந்த ஊரின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை உப்பிலிருந்து சோடா ஆஷ் தயாரித்தது. கண்ணாடிக்கும் சோப்புத் தூளுக்கும் வேண்டிய பொருள் அது. அதைச் செய்யக் கரியமில வாயுவும் தேவை.

அந்த வாயுவைத் தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்தே எடுக்க 2016-இல் வழி பிறந்தது. புகையின் மேல் ஒரு ரசாயனக் கரைசலைப் பொழிவார்கள். கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திட்டம்!

கரைசலை உருவாக்கியவர்கள் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்தா சர்மாவும் பிரதீக் பம்பும். கைகொடுத்தது பிரிட்டிஷ் அரசு; அவர்களுடைய நிறுவனமும் லண்டன் போனது. அந்த உதவி இங்கேயே கிடைத்திருக்க வேண்டும்.

இத்தகைய ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கத்தான் 2015 நவம்பரில் பாரிஸில் இந்தியா உள்பட 20 நாடுகள் ‘மிஷன் இன்னொவேஷன்’ கூட்டணி அமைத்தன. தூய ஆற்றல் ஆராய்ச்சிக்கான அரசு நிதியை ஐந்தாண்டில் இரட்டிப்பாக்குவது இலக்கு. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிப்பதும் அவர்கள் கூட்டாக எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளில் ஒன்று.