எடை குறைக்க அறுவை சிகிச்சை: பயமும் எதிர்பார்ப்பும்

(திருவனந்தபுரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரோக்கியத்தைப் பற்றி டாக்டர்கள் பேசுவதுதான் வழக்கம். நான் டாக்டர் இல்லை. பாங்கில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. பதினான்கு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று ஆறு மாதமாக யோசித்து, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

இது என் ஒருவன் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி கேரளத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. கரமனையிலும் வலியசாலையிலும் அது இல்லாத அகத்தைத் தேடத்தான் வேண்டும்.

முதலில் பயத்தைச் சொல்கிறேன். அறுவை என்ற பேச்சு எழுந்ததும் அகத்தில் இரண்டு பத்திரிகைச் செய்திகளைச் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் இதே ஊர் கழக்கூட்டத்தில் வயிற்றுக் கொழுப்பை அகற்றும் சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளம்பெண், கை கால் விரல்களில் ஒன்பதை இழந்தார். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் எடை குறைப்பு அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, தோலுக்கடியில் உள்ள கொழுப்பை எடுப்பது. அது அழகு சிகிச்சை. அதனால் சர்க்கரை வியாதி குணமாவதில்லை. நான் யோசிப்பது இரைப்பையில் செய்யும் அறுவை. அதில் இரண்டு முறைகள் அதிகம் வழக்கத்தில் உள்ளன. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல் நீளமாக விடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. மற்றொன்று பைபாஸ்: இரைப்பையின் மேல்பாகத்தில் சிறு பை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது.

நல்ல அனுபவமுள்ள இடங்களில் உயிராபத்து சுமார் ஆயிரத்தில் ஒன்று. பித்தப்பை அறுவையில் உள்ள அளவுதான் என்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்று சிறிய எண்தான். ஆனால் அந்த ஒருவரின் குடும்பத்துக்கு அது சிறியதல்ல. ஆகவே நான் டாக்டரிடம் கேட்ட கேள்விகள் இவை: வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் நடுராத்திரியில் யார் வருவார்? தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? இதற்குக் கோபப்படும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்தது எதிர்பார்ப்பு. என் பிள்ளை, "அப்பா, அறுபத்தைந்து கிலோவுக்கு வந்துடுவேள்" என்றான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பொதுவாக மொத்த எடையில் கால் பாகத்திலிருந்து முப்பது சதவீதம் வரை குறையும் என்றார். என் கணக்கில் 78 முதல் 84 கிலோ. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிப் பல வருஷங்கள் நடந்த ஆராய்ச்சியில், பைபாஸ் செய்தவர்கள் பத்து வருஷம் கழித்தும் சுமார் கால் பாகம் எடை குறைந்தே இருந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் மரணமும் குறைந்திருந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள். ஆனால் சிலருக்கு எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். புதிதாகச் சர்க்கரை வந்தவருக்கு மருந்தே வேண்டாத நிலை வரலாம். என்னைப் போல் பதினான்கு வருஷம் ஆனவருக்கு மருந்து குறைந்தாலே லாபம்.

ஊசி மருந்து இருக்கிறதே என்பீர்கள். 2025-ல் மௌஞ்சாரோ, வீகோவி என்ற இரண்டும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. பலருக்குப் பலன் தருகின்றன. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆறு மாத யோசனையில் எனக்கு விளங்கியது ஒன்று. நாம் பயத்தையெல்லாம் ஆபரேஷன் மேஜை மேல் வைக்கிறோம். எதிர்பார்ப்பையெல்லாம் தராசின் மேல் வைக்கிறோம். கவனம் வேண்டிய இடமோ அதற்குப் பிறகு வரும் வருஷங்கள். நம் சமையலறையும் பந்தியும்.

நாம் சைவ ஆகாரக்காரர்கள். பி-12 வைட்டமின் நமக்குப் பால், தயிரிலிருந்துதான் கிடைக்கிறது. அறுவைக்குப் பின் அது உடம்பில் சேர்வது குறையும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும். கால் மரத்துப் போனால் "சர்க்கரையினால்தான்" என்று இருந்துவிடுவோம். பி-12 குறைவாகவும் இருக்கலாம். ஆகவே ஆயுசு முழுக்க பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் காலாகாலத்தில் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தினம் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அரைக் கிண்ணம் சாப்பிடும் வயிற்றில் சாதமும் குழம்பும் போனால் புரதத்துக்கு இடம் ஏது? பருப்பு, பனீர், கெட்டித் தயிர், சோயா முதலில், சாதம் பிறகு. ஏகாதசி உபவாசத்தையும் டாக்டரிடம் கேட்டே வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப வாரங்களில் வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தயமின் என்ற வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கலாம்.

இனி உங்களிடம் ஒரு விண்ணப்பம். நம் ஊர் ஸத்யையில் போளியும் பால்பாயசமும் இல்லாமல் இலை மடிப்பதில்லை. பைபாஸ் செய்தவர் அதைச் சாப்பிட்டால் சர்க்கரை விறுவிறுவென்று குடலில் இறங்கி, வேர்த்து, படபடத்து, மயக்கமே வரலாம். அவர் "போதும்" என்றால் அது உபசாரத்துக்குச் சொல்லும் போதும் அல்ல. "ஒரே ஒரு போளி, எனக்காக" என்று மாமிமார் தயவுசெய்து சொல்ல வேண்டாம். "என்ன, இப்படி இளைச்சுப் போயிட்டேள்?" என்று கல்யாண மண்டபத்தில் துக்கம் விசாரிக்கவும் வேண்டாம்.

நான் செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். பழைய சட்டை போட்டுக்கொள்வதற்காக அல்ல. ராத்திரி மூச்சு நிற்காமல் தூங்க வேண்டும், பேத்தியோடு மாடிப்படி ஏற வேண்டும், காலும் கண்ணும் சிறுநீரகமும் இன்னும் சில காலம் ஒத்துழைக்க வேண்டும். என் எதிர்பார்ப்பு அவ்வளவே.

மும்பை, பெங்களூர், சென்னை என்று பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களில் இதைச் செய்துகொண்டவர்கள் இருப்பீர்கள். முதல் வருஷத்துப் புகைப்படங்களை எல்லோரும் காட்டுகிறார்கள். ஐந்தாவது வருஷம் எப்படி இருக்கிறது என்று நம் பத்திரிகைக்கு எழுதுங்கள். எனக்குப் பின்னால் யோசிப்பவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.