காசோல் போன இடத்துக்கு யார்?

2020 நவம்பர்ல டொராண்டோ ராப்டர்ஸ் டீமோட சென்டர் மார்க் காசோல் லேக்கர்ஸுக்குக் கிளம்பிட்டார். கூடவே செர்ஜ் இபாகாவும் கிளிப்பர்ஸுக்குப் போயாச்சு. காசோலுக்கு 35 வயசு, கடைசி சீசன்ல சராசரி 7.5 பாயின்ட். "இவ்ளோதானே, வேற ஆள் கிடைக்காதா?"ன்னு தோணும்.

2019 நவம்பர் 25 மேட்ச் பாருங்க. ஜோயல் எம்பீட் 11 ஷாட் போட்டார், ஒண்ணுகூட விழல. ஸ்கோர் பூஜ்யம்! மறிச்சு நின்னது பெரும்பாலும் காசோல்தான். மனுஷன் பெருசா குதிக்கவே மாட்டார். எம்பீட் எந்தப் பக்கம் திரும்புவார்னு கணிச்சு, முன்னாடியே அங்க நிப்பார். மத்த நாலு பேருக்கும் கத்திக் கத்தி வழி சொல்வார். இது எந்த ஸ்கோர்ஷீட்ல வரும்?

பதிலுக்கு வந்தவர் ஆரன் பெய்ன்ஸ். பீனிக்ஸ்ல ஒரே மேட்ச்ல 9 த்ரீ-பாயின்டர் போட்டவர். ரெஸ்யூமே பக்கா. (ஆபீஸ்ல சீனியர் பேப்பர் போட்டா, அதே ஸ்கில் லிஸ்ட்டை வச்சு ஆள் தேடுவாங்களே, அந்தக் கதைதான்.) முந்தின வருஷம் 53-19 இருந்த டீம், 27-45ல முடிஞ்சது. கோவிட்னால சொந்த ஊரை விட்டு டாம்பால ஆடினாங்க, அதையும் கணக்குல சேர்த்துக்கணும்.

ஏப்ரல்ல, ஆர்லாண்டோ கழட்டிவிட்ட கெம் பிர்ச் வந்தார். ஸ்கிரீன் போடுறது, சரியான இடத்துல நிக்கிறது, அவ்ளோதான் அவர் வேலை. கொஞ்ச நாள்லயே ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல அவர், பெஞ்சுல பெய்ன்ஸ்.