ஆராய்ச்சிக்குத் தகவல் திரட்டும் முறைகள்



ஆராய்ச்சிக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டும் முறைகள் குறித்துப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நேரிற் காணல், வாய்மொழியாகக் கேட்டல், வினாப்படிவம் நிரப்பல், ஆவணங்களைப் புரட்டல் என இவற்றை வகுப்பர். வகைகள் பாடநூலிலேயே உள்ளன. கேட்பவர் எந்தத் திண்ணையில் அமர்ந்து கேட்கிறார், யார் காதுபடக் கேட்கிறார் என்பதே நம்மவர்க்கு முதன்மையான செய்தி.

1961-62ஆம் ஆண்டுகளில் ஆந்த்ரே பெத்தேய் என்னும் சமூகவியல் அறிஞர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். அவ்வூருக்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயரிட்டு 1965இல் நூலும் வெளியிட்டார். அவர் குடியிருந்தது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர இயலவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். குறையை மறைக்காதவர் நூலை அக்குறையோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். மறைப்பவர் நூலை என் செய்வது?

இதற்கு மறுதலையாக அமெரிக்க நாட்டில் ஒருவர் செய்து காட்டினார். டூ பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர், 1896இல் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டத்தில், தம் மக்கள் நடுவிலேயே மனைவியுடன் குடியேறினார். ஆறுவகைப் படிவங்களுடன் வீடு வீடாக ஏறி இறங்கினார், வேறெவரையும் அனுப்பவில்லை. ஏறத்தாழ 9,000 மக்களின் தொழில், கல்வி, வாடகை, குடும்ப நிலை யாவும் அவர் கையாலேயே பதிவாயின. 1899இல் நூல் வெளிவந்தது. நகரின் கேடுகளுக்கெல்லாம் அம்மக்களின் இயல்பே காரணம் என்று பிறர் பேசிய காலம் அது. வேலை மறுக்கப்பட்டதும் வாடகை மிகுத்து வாங்கப்பட்டதும் அப்படிவங்களில் வெளிப்பட்டன.

இனி, வினா அமைக்கும் வகை. 'உங்கள் பிள்ளை பள்ளிக்குச் செல்கிறானா?' என்று கேட்டால் எந்தத் தாயும் 'செல்கிறான்' என்றே சொல்வாள். அதில் பொய்யில்லை; பெயர் பதிவேட்டில் இருக்கிறது. 'சென்ற வாரம் எத்தனை நாள் சென்றான்? செல்லாத நாளில் எங்கிருந்தான்?' என்று கேளுங்கள். கரும்பு வெட்டும் செங்கற்சூளையும் அப்போது வெளிவரும். தலைமையாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் பார்த்து எழுதும் ஆய்வு பாதி ஆய்வே. வருகைப் பதிவேட்டையும் மாதவாரியாகப் பாருங்கள். அறுவடை மாதங்களைத் தனியே குறியுங்கள்.

கூலியை 'ஒரு நாளைக்கு எவ்வளவு?' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கடந்த 30 நாளில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, பணமாக எவ்வளவு, நெல்லாக எவ்வளவு, முன்பணத்துக்குக் கழித்தது எவ்வளவு எனத் தனித்தனியே கேளுங்கள். மரக்கால் என்று சொன்னால் எந்த ஊர் மரக்கால் என்றும் கேட்க வேண்டும். முதியவர் தம் வயதை அறியாராயின் 1952ஆம் ஆண்டுப் புயலின்போது ஆடு மேய்த்தாரா, கைக்குழந்தையா என்று கேட்டால் கணக்கு அகப்படும். பெண்கள் செய்தியைப் பெண்களிடமே கேளுங்கள். கடன் கொடுத்தவர் அருகில் நிற்கையில் கடனைப் பற்றிக் கேளாதீர்கள். சரியான விடை வராது, கேட்கப்பட்டவருக்குத் துன்பமும் வரும்.

ஆவணங்களுக்கு வருவோம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் குடியிருப்பு, கூலி, கடன், நிலமின்மை ஆகியவற்றை 1891இல் அறிக்கையாக அரசுக்கு எழுதினார். அதன் விளைவே 1892ஆம் ஆண்டு ஆணையும் பஞ்சமி நிலமும். தகவல் நிலமாக மாறிய வரலாறு அது. முதல் 10 ஆண்டுகள் எவர்க்கும் விற்கலாகாது, பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்கள் பெரும்பாலும் பிறர் கைக்குப் போனதை நீங்கள் அறிவீர்கள்.

'போயிற்று' என்று மேடையில் சொல்வது வேறு. எந்தப் புல எண், எத்தனை செண்டு, எந்த ஆண்டு, யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு என்று எழுதிக் காட்டுவது வேறு. பின்னதற்கே அலுவலகங்கள் விடையளிக்கக் கடமைப்பட்டவை. பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் 'டி.சி.' என்ற குறிப்பு இருக்கிறதா எனப் பாருங்கள். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள 'அ' பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பிறகு வயலுக்கே நடந்துபோய் இன்று யார் உழுகிறார் என்று பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபின், 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து நகல் கேட்கலாம். காடு மேடெல்லாம் நடக்கும் நம் பிள்ளைகள் வட்டாட்சியர் அலுவலகப் படியேறத் தயங்குவது எனக்கு வியப்பே.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு வினாப்படிவத்துடன் அனுப்பினார். இருவேல்பட்டு போன்ற அதே ஊர்களைப் பிற்காலத்தோர் மீண்டும் ஆராய்ந்தனர். முதற்கணக்கு பத்திரமாக இருந்ததாலன்றோ மாற்றத்தை அளக்க முடிந்தது?

ஆகவே, இவ்வாண்டு கோடை விடுமுறையில் ஊருக்கு இருவராகச் செல்லுங்கள். இன்னதற்காகக் கேட்கிறோம் என்று முதலிற் சொல்லி இசைவு பெறுங்கள். படிவத்தில் பெயருக்குப் பதிலாக எண் இடுங்கள். பெயர்ப்பட்டியல் தனியே சங்கச் செயலாளரிடம் பூட்டியிருக்கட்டும். தொகுத்த கணக்கை அதே சேரியில், மாலையில், வேலை முடிந்து எல்லாரும் திரும்பிய பின் வாசித்துக் காட்டுங்கள். 'இது தவறு' என்று யாரேனும் எழுந்து சொன்னால் அங்கேயே திருத்தி எழுதிக்கொண்டு, திருத்தியவரின் எண்ணையும் ஓரத்தில் குறியுங்கள்.