கையெழுத்துக்கு முன்னே கேள்வி!

(நாகூரில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோய் தீர வேண்டி எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து போகும் ஊர் இந்த நாகூர். ஆகவே நோயைப் பற்றியே பேசுகிறேன்.

நடவு வயலில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன தாய் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், கையெழுத்துப் போடு" என்று ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். என்ன நோய், வேறு வழி உண்டா என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. படித்தவர் சொல்கிறார் என்று ரேகை வைக்கிறாள். இதற்குப் பெயர் சம்மதமா? இல்லை, இது அடங்கிப் போவது!

2008 ஜனவரி 16ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. டில்லியில் பரிசோதனைக்கென்று மயக்க மருந்து கொடுத்த பெண்ணின் கர்ப்பப்பையை, அவளைக் கேளாமல் தாயாரைக் கேட்டு எடுத்துவிட்டார்கள். அது தவறு என்றது கோர்ட். சிகிச்சை எத்தகையது, மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும், இவற்றைச் சொல்லி நோயாளியிடமே சம்மதம் பெற வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டுமே விலக்கு.

சட்டம் தானாக நடந்து நம் குடிசைக்கு வராது. ஆனால் இன்று நம் கையில் செல்போன் இருக்கிறது. 2020ல் கொரோனா காலத்தில் மத்திய சர்க்கார் இ-சஞ்சீவனி ஏற்பாட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தது. காசு கொடாமல் டாக்டரை முகம் பார்த்துப் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கு அடித்தால் ஆலோசனை கிடைக்கும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. அவற்றைக் காட்டி இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் கேளுங்கள். பிறகு முதல் டாக்டரிடம் போய் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

போன் சர்வரோக நிவாரணி அல்ல. அது வயிற்றைத் தொட்டுப் பார்க்காது. மார்வலி என்றால் போனில் யோசனை கேட்டுக்கொண்டிராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வீடியோவில் மூலிகை விற்பவன் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டர் நம் விரோதி அல்ல. வைத்தியத்தை வியாபாரமாக்கிய முறையே விரோதி.

போன் மகன் கையில் இருக்கிறது. நோய் தாயின் உடம்பில் இருக்கிறது. படித்த வாலிபர்கள் சங்க ஆபீசில் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து உதவ வேண்டும். போனைப் போட்டுக் கொடுங்கள். பேச வேண்டியவள் அவள். பெண்கள் விஷயத்துக்குப் பெண் தோழரே கூட இருக்கட்டும். கேட்டது வெளியே போகக் கூடாது.

தோழர்களே! மிராசுதார் முன் வாய் திறந்தால் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்த மண் இது. தோழர் பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடியின் கீழ் ஒன்றுபட்டோம். 1944ல் மன்னார்குடி ஒப்பந்தம் அக்கொடுமைக்கு முடிவு கட்டியது. பண்ணையில் திறந்த வாய் ஆஸ்பத்திரியில் ஏன் மூட வேண்டும்?

உடம்பு நம்முடையது. கேட்போம், புரிந்துகொள்வோம், பிறகே கையெழுத்துப் போடுவோம்!